வெயிலில் போகாதே

கிளமிடியா.
பேரைக் கேட்டால்
ஜன்னல் தொட்டியில் வளர்க்கத் தோன்றும்.
தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம்,
வந்தது தெரியாமல் வளரும்.

எனக்குக் குத்தவில்லை, குடையவில்லை,
எரியவில்லை.
ஆகஸ்டில் மலை ஏறினேன்.
செப்டம்பரில் புள்ளியியல் தேர்வில்
ஒற்றை மதிப்பெண்ணில் தப்பினேன்.
உள்ளே கமுக்கமாக ஒரு குடித்தனம்
நடந்துகொண்டிருந்திருக்கிறது.
வாடகையும் இல்லை,
செருப்புச் சத்தமும் இல்லை.

சோதனைக்குப் போனதே துணைக்குத்தான்.
சுன்னிவாவுக்குத் தனியே போகப் பயம்.
"நீயும் ஒரு குச்சி எடுத்துக்கோயேன்,
காசா பணமா" என்றாள்.
கழிப்பறையில் கோட்டு மாட்ட ஆணி இல்லை.
காலரைப் பல்லால் கவ்விக்கொண்டு
காதுக் குச்சியைவிடச் சற்று நீளமான அதை
நானே உள்ளே விட்டுச் சுழற்றிக்
குழாயில் போட்டு மூடினேன்.
அவளுக்கு இல்லை.
எனக்கு இருந்தது.

முடிவு வந்தபோது
பேருந்து பாலத்தின் நடுவில்.
காலை ஒன்பது, டிசம்பர், கும்மிருட்டு.
ட்ரோம்சோவை விட்டு நவம்பரில் போகும் சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
ஆணுறை என் பையில்தான் இருந்தது,
கோடை முழுக்க.
பையில் இருந்து என்ன?

மருந்துக்கடையில் பார்த்தால் ஐவின்ட்.
ஏழாம் வகுப்பில் நான் எறிந்த பந்தில்
மூக்கு உடைந்தவன்.
தரையில் தேடினேன், புதைகுழி இல்லை.
"காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள்.
நிறையத் தண்ணீர். விழுங்கிய கையோடு படுக்காதே.
பாலோடும் சீஸோடும் சேர்க்காதே.
முடியும்வரை யாரோடும்..."
இருமினான். புரிந்தது என்றேன்.
பெட்டியில் ஒட்டியிருந்ததை
ராகமில்லாமல் வாசித்தான்:
"வெயிலில் போகாதே."
இருவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தோம்.
கன்னங்கரேல்.
சிரிப்பை முதலில் விட்டது அவன்தான்.

மாத்திரை இறங்கிவிட்டது.
செய்திதான் தொண்டையில் நின்றது.

ஓர்யானுக்கு முதலில் அனுப்பினேன்.
"நீதான் கொடுத்திருப்பே" என்றான்.
இருக்கலாம். அவனாகவும் இருக்கலாம்.
யாரிடமிருந்து யாருக்கு என்று
அதன் நெற்றியில் எழுதியிருக்கவில்லை.

ஜூலையில் கப்பலில் வந்த டச்சுக்காரன்.
பேர் பாதி தெரியும். எண் தெரியாது.
அவனுக்கு எதுவும் அனுப்ப முடியவில்லை.
இன்னும் உறுத்துகிறது.

அஸ்லாக்குக்குப் பதினோரு முறை எழுதினேன்.
அவனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.
"மன்னிச்சுடு" என்று போட்டேன், எடுத்தேன்.
நான் எதையும் திருடவில்லை.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
"எனக்குக் கிளமிடியா. உனக்கும் இருக்கலாம்.
ஒன்றும் தெரியாது, ஆனாலும் சோதித்துப் பார்.
மாத்திரையில் போய்விடும்.
விட்டால் பின்னால் பிள்ளைப்பேறுவரை இடிக்கலாமாம்."

மூன்று புள்ளிகள் வந்தன, போயின,
மறுபடி வந்தன.

"அக்டோபரில் இதையே உனக்கு எழுதினேன்.
அனுப்பவில்லை."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையாம்.
எங்கள் ஊருக்கு வாயே கிடையாது.
இரண்டு மாதம்.
கைபேசியைக் கட்டில்மேல் எறிந்தேன்,
எடுத்தேன், மறுபடி எறிந்தேன்.
எழுதி அழித்த பதினொன்றும் ஞாபகம் வந்தன.
பதினொன்றாவதோடு நானும்
நிறுத்தியிருக்கக் கூடியவள்தான்.
ஆனாலும் கோபம் போகவில்லை.

காபிக்கு வருகிறாயா என்று கேட்டான்.
மாத்திரை முடியட்டும் என்றேன்.
முடிந்தால் வருவேன் என்று சொல்லவில்லை.

ஜனவரியில் வெயில் வந்தது,
நான்கு நிமிடத்துக்கு.
சுன்னிவா வாங்கிவந்த சூரிய பன்னில்
ஜாம் மணிக்கட்டுவரை ஒழுக,
காலிப் பெட்டி இன்னும் கோட்டுப் பையில் கிடக்க,
நடுத்தெருவில் போய் நின்றேன்.

கைபேசி நினைவூட்டியது:
மார்ச் பத்து. மறுபடி ஒரு குச்சி.